எத்தனை செத்தன, எத்தனை பிழைத்தன

1935 ஆகஸ்டில் வடக்குக் குயின்ஸ்லாந்தின் கார்டன்வேல் சுற்றுவட்டாரக் கரும்புக் கொல்லைகளில் சுமார் 2,400 குட்டித் தேரைகளை விட்டார்கள். அவற்றின் தாய் தந்தையான நூற்றுச் சொச்சம் தேரைகளை ரெஜினால்ட் மங்கோமெரி என்ற பூச்சியியலாளர் ஹவாயிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்து, மெரிங்கா ஆய்வு நிலையத்தில் முட்டையிட வைத்திருந்தார். கரும்பின் வேரைத் தின்னும் புழுவை அவை ஒழித்துவிடும் என்பது எதிர்பார்ப்பு. புழு ஒழியவில்லை. தேரை இன்று ஆஸ்திரேலியாவில் பத்து லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவி, மேற்கே கிம்பர்லி முழுவதையும் ஏறக்குறையக் கடந்து ப்ரூம் பக்கம் வந்துவிட்டது. அதைக் கட்டுப்படுத்தப் பல வழிகள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. எதற்குப் பலன் உண்டு, எது வெறும் ஆறுதல் என்று பிரித்துப் பார்க்க வேண்டிய நேரம் இது.

மங்கோமெரியை அறிவிலி என்று ஒதுக்குவது நியாயமில்லை. 1932-இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் நடந்த கரும்பு வல்லுநர் மாநாட்டில் ராகெல் டெக்ஸ்டர் ஓர் ஆய்வைப் படித்தார். தேரைகளின் வயிற்றை அறுத்துப் பார்த்ததில் பயிரைக் கெடுக்கும் வண்டுகள் ஏராளமாக இருந்தன என்றது அது. ஹவாய்க்காரர்கள் அதே ஆண்டு தேரையை வரவழைத்துக்கொண்டார்கள். குயின்ஸ்லாந்துக்கு இன்னொரு துணிச்சலும் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்புதான் அர்ஜென்டினாவின் ஒரு சிற்றந்துப்பூச்சி அங்கே காடாய் மண்டிக் கிடந்த சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்த்திருந்தது. ஓர் உயிரினத்தை விட்டு இன்னொன்றை அடக்கலாம் என்பதை அந்த ஊர் கண்ணால் கண்டிருந்தது.

ஆனால் அந்தப் பூச்சியை விடுவதற்கு முன், கள்ளியைத் தவிர வேறு செடிகளைத் தின்னுமா என்று சோதித்தார்கள். தேரையின் விஷயத்திலோ, அது ஒழிக்க வேண்டிய வண்டையாவது தின்னுமா என்றுகூடக் கொல்லையில் இறங்கிப் பார்க்கவில்லை. குயின்ஸ்லாந்தின் சாம்பல்முதுகு வண்டு மண்ணிலிருந்து வெளிவந்ததும் மரங்களுக்குப் பறந்துபோய் இலை மேய்கிறது. அதன் புழு மண்ணுக்கடியில் வேரோடு கிடக்கிறது. தேரை மரமேறாது, மண்ணைத் தோண்டிப் புழு தேடவும் செய்யாது. இரண்டும் சந்திக்கும் நேரம் மிகக் குறைவு. 1940-களில் வந்த பூச்சிக்கொல்லிதான் கடைசியில் அந்தப் புழுவை அடக்கியது. ஓய்வுபெற்ற பூச்சியியலாளர் வால்டர் ஃப்ராகட் அப்போதே எதிர்த்தார். முயலும் கள்ளியும் போல இதுவும் பெருந்தொல்லை ஆகலாம் என்று எச்சரித்தார். மத்திய அரசு 1935 முடிவில் தேரை விடுவதைத் தடுத்தது. குயின்ஸ்லாந்து அழுத்தம் கொடுக்க, மறு ஆண்டே தடை விலகியது.

இந்தப் பழைய கதையை நான் எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. தேரையின் வயிற்றில் எத்தனை வண்டு என்று எண்ணினார்கள். கொல்லையில் எத்தனை புழு குறைந்தது என்று எண்ணவில்லை. அதே பிழை இன்றும் தொடர்கிறது: சாக்கில் எத்தனை தேரை என்று எண்ணுகிறோம். யாரைக் காப்பாற்ற இந்த வேலை தொடங்கியதோ அந்த உயிர்கள் எத்தனை பிழைத்தன என்ற கணக்கு இரண்டாமிடத்துக்குப் போய்விடுகிறது. ஒவ்வொரு வழியையும் இந்த இரண்டாவது கணக்கை வைத்தே எடைபோடுகிறேன்.

முதலில் சேதத்தின் அளவு. ஆஸ்திரேலியாவில் தவளைகள் பலவுண்டு. தேரைக் குடும்பம் அறவே கிடையாது. தேரையின் தோளுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பிகளின் நஞ்சு இதயத்தைத் தாக்கும். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உடும்புகள் தேரைகளோடு கோடிக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவை. அந்த நஞ்சைத் தாங்கும் மரபணு மாற்றம் அவற்றுக்கு இருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்த உடும்புக் கிளையோ தேரையில்லாத நாட்டில் அந்தக் காப்பை இழந்துவிட்டது. நம் உடும்பும் அவர்கள் உடும்பும் ஒரே குலம்தான். தேரையை வாயில் கவ்வினால் ஒன்று பிழைக்கும், மற்றது சாகும்.

தேரை வந்த வடக்குப் பகுதிகளில் மஞ்சள்புள்ளி உடும்பு பல இடங்களில் பத்தில் ஒன்றாகக் குறைந்தது. 2001-இல் தேரை காக்காடு தேசியப் பூங்காவை எட்டிய பின், அங்கே வடக்குக் குவோல் ஏறத்தாழ இல்லாமலே போனது. பூனையைவிடச் சிறிய, வெள்ளைப்புள்ளி கொண்ட, குட்டியைப் பையில் சுமக்கும் ஊனுண்ணி அது. விக்டோரியா ஆற்றின் சில பகுதிகளில் நன்னீர் முதலைகள் 77 சதவீதம் வரை குறைந்தன.

இவ்வளவும் உண்மை. ஆனால் தேரை வந்தால் காடே அழியும் என்ற பேச்சு உண்மையில்லை. பறவைகளில் பெரும்பாலானவற்றுக்கு நஞ்சு அவ்வளவாக ஏறுவதில்லை. நீரெலிகள் தேரையைப் புரட்டிப்போட்டு, நஞ்சில்லாத இதயத்தையும் ஈரலையும் மட்டும் தின்னக் கற்றிருக்கின்றன. உடும்பு குறைந்த இடத்தில் அது கொள்ளையடித்துவந்த சில குருவிகளின் கூடுகள் கூடுதலாகப் பிழைத்தன. தேரை ஒன்றால் மட்டுமே ஓர் இனம் முற்றாக அழிந்ததாக இதுவரை நிறுவப்படவில்லை. ஆக, அடி விழுவது சில பெரிய ஊனுண்ணிகள் மேல்தான். ஆனால் மிக ஆழமாக விழுகிறது. மருந்தும் அந்தச் சில உயிர்களை நோக்கியே இருக்க வேண்டும்.

மக்கள் முதலில் கையிலெடுத்த வழி பிடித்துக் கொல்வது. இரவில் டார்ச் விளக்கோடு குடும்பம் குடும்பமாகப் போய் தேரை பொறுக்குகிறார்கள். கிம்பர்லியில் தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்கில் இதைச் செய்தார்கள். அவர்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் கணக்கு அவர்களுக்கு எதிராக நிற்கிறது. ஒரு பெண் தேரை ஒரே ஈட்டில் 8,000 முதல் 30,000 முட்டை வரை இடும். குளத்தில் தலைப்பிரட்டைகள் நெருக்கியடித்துக் கிடக்கும்போது பெரும்பாலானவை இரையின்றிச் சாகும். பத்தில் ஒன்பது தேரைகளைப் பிடித்துவிட்டால் மீதி ஒன்றின் குஞ்சுகளுக்கு அந்த நெருக்கடி இல்லை. அவை கொழுத்து வளரும். அடுத்த மழைக்குள் இடம் நிரம்பிவிடும். கிம்பர்லியில் அத்தனை பேர் பிடித்தும் தேரை 2009-இல் மேற்கு ஆஸ்திரேலிய எல்லையைத் தாண்டியது, நிற்கவும் இல்லை. தவளைக்கும் தேரைக்கும் வித்தியாசம் தெரியாதவர் கையில் உள்ளூர்த் தவளைகளும் சாகின்றன. இந்த வழி பலிப்பது தனித்துக் கிடக்கும் சிறு கூட்டத்திடம் மட்டுமே. சிட்னியின் டேரன் பாயின்ட் பகுதியில் லாரிச் சரக்கோடு வந்து குடியேறிய கூட்டத்தைப் பிடித்தே ஒழித்தார்கள். தீவுகளுக்கும் புதிதாக முளைத்த கூட்டங்களுக்கும் இது சரியான ஆயுதம். பெருநிலத்துக்கு ஆகாது.

தலைப்பிரட்டைப் பொறி இதைவிடக் கூர்மையானது. தேரையின் தலைப்பிரட்டை, தன் இனத்தாரின் முட்டையை மோப்பம் பிடித்துப்போய்த் தின்னும். உயிரியலாளர் ரிக் ஷைனின் குழுவும் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக வேதியியலாளர்களும் அந்த மணத்தைப் பிரித்தெடுத்துப் பொறியில் வைத்தார்கள். உள்ளூர்த் தவளைகளின் தலைப்பிரட்டைகள் அதை நாடுவதில்லை. ஊர்க்குளத்துக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் இது நல்ல கருவி. வெள்ளக் காலத்தில் கண்ணெட்டும் தூரம் தண்ணீராய் நிற்கும் வடக்குச் சமவெளியில் எத்தனை பொறி வைக்க முடியும்?

இதே பசியை மரபணு வழியில் பயன்படுத்தும் முயற்சி மக்வாரி பல்கலைக்கழகத்தில் நடக்கிறது. உருமாற்றமே நிகழாத தலைப்பிரட்டைகளை உருவாக்கினால், அவை தேரையாகாமலே குளத்தில் இருந்து, வரும் முட்டைகளையெல்லாம் தின்றுகொண்டிருக்கும். இதைக் கேட்டு அஞ்சுபவர்கள் உண்டு. எனக்கு அந்த அச்சம் அவ்வளவாக இல்லை. வளராத உயிர் இனப்பெருக்கம் செய்யாது, மாற்றிய மரபணு அடுத்த தலைமுறைக்குப் போகாது. அதன் பலவீனமும் அதுவேதான். குளத்துக்குக் குளம், மறுபடி மறுபடி, கையால் கொண்டுபோய் விட வேண்டும். 1990-களில் வைரஸ் மூலம் கொல்லும் யோசனை ஆராயப்பட்டு, உள்ளூர்த் தவளைகளையும் அது கொல்லும் என்பதால் கைவிடப்பட்டது. அந்த முடிவைத் தேரைக் கதையிலேயே மிக நிதானமான முடிவாக நான் கருதுகிறேன்.

இனி என்னை அதிகம் யோசிக்க வைத்த வழி. தேரை ஆரம்பத்தில் ஆண்டுக்குப் பத்து கிலோமீட்டர் நகர்ந்தது. இப்போது முன்னணி ஐம்பது வரை நகர்கிறது. 2006-இல் வெளியான ஆய்வு ஒன்று, படையெடுப்பின் முனையில் இருப்பவற்றுக்குப் பின்னால் இருப்பவற்றைவிடக் கால் நீளம் என்று காட்டியது. வேகமாகப் போனவை முனையில் சேர்கின்றன, அங்கேயே தமக்குள் கூடுகின்றன, அடுத்த தலைமுறை இன்னும் வேகமாகிறது. இதன் விளைவு உடும்புக்குக் கொடூரமாக அமைகிறது. முதலில் வந்து சேர்பவை பெரிய தேரைகள். ஒன்றைத் தின்றாலே சாவு. குட்டித் தேரையைத் தின்றிருந்தால் வாந்தியெடுத்து, நோயில் கிடந்து, இனி இதைத் தொடக் கூடாது என்று கற்றிருக்கும். பாடம் சொல்லும் குட்டிகள் பிறப்பதற்குள் மாணவன் செத்துவிடுகிறான்.

அப்படியானால் குட்டிகளை நாமே முன்கூட்டிக் கொடுத்தால்? கிம்பர்லியில் பலங்கரா மக்களின் வனக்காவலர்களோடு ஆய்வாளர் ஜார்ஜியா வார்ட்-ஃபியரின் குழு இதைத்தான் செய்தது. தேரை வருவதற்கு முன் சில உடும்புகளுக்குச் சிறு தேரைகளைத் தின்னக் கொடுத்தார்கள். மற்றவற்றை அப்படியே விட்டார்கள். எல்லாவற்றையும் பின்தொடர்ந்தார்கள். பயிற்சி பெறாதவற்றில் ஒன்றே ஒன்றுதான் 110 நாளைத் தாண்டியது. பயிற்சி பெற்றவற்றில் பாதிக்கு மேல், பதினெட்டு மாத ஆய்வு முடியும்வரை உயிரோடிருந்தன. குவோல்களுக்குக் குமட்டலை உண்டாக்கும் மருந்து கலந்த தேரை இறைச்சியைக் கொடுத்த ஆய்வு 2010-இல் வந்தது. அதிலும் கற்றவை அதிக நாள் வாழ்ந்தன. பின்னர் புனுபா வனக்காவலர்களோடு சேர்ந்து ஆற்று முதலைகளுக்கும் இதே பாடம் சொல்லப்பட்டது. சாவு வெகுவாகக் குறைந்தது. எந்த உயிரை எங்கே தேடுவது என்ற தலைமுறை அறிவு அந்தக் காவலர்களிடமிருந்தே வந்தது.

எதிர்ப்பு இல்லாமலில்லை. தேரையை ஒழிக்க வேண்டிய நாட்டில் நாமே தேரையை முன்கொண்டு விடுவதா என்று கேட்கிறார்கள். ஒரு மழைக்காலத்தில் எப்படியும் வரப்போகும் இடத்தில் மட்டும், சில வாரம் முந்தி, சிறியவற்றை விடுவதால் புதிதாக எந்த நிலமும் தேரைக்குப் போய்விடுவதில்லை. வலுவான எதிர்வாதம் வேறொன்று: கற்றவற்றின் குஞ்சுகள் என்ன செய்யும்? முனை கடந்துவிட்டால் குட்டித் தேரைகள் எங்கும் இருக்கும். குஞ்சுகள் தாமே கற்க வாய்ப்புண்டு. தப்பவேண்டியது அந்த முதல் அலையிலிருந்துதான். வானிலிருந்து குமட்டல் தீனி தூவிய சோதனைகளின் பலன் சீராக வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அருகிலிருந்து கொடுத்த இடத்தில் வென்ற முறை, பரந்த நிலத்தில் இன்னும் முழுதாக வெல்லவில்லை.

ஒளித்துவைத்துக் காப்பதன் எல்லையும் தெரிந்துவிட்டது. 2003-இல் 64 குவோல்களைத் தேரையில்லாத இரண்டு தீவுகளில் விட்டார்கள். அவை பல்கிப் பெருகின. பதின்மூன்று தலைமுறை கழித்துப் பெருநிலத்துக்குத் திருப்பியபோது, தேரையை ஒதுக்கக் கற்றுக்கொடுத்திருந்தும், டிங்கோ நாய்களிடம் மாட்டிச் செத்தன. எதிரி இல்லாத தீவில் அச்சமே அற்றுப்போயிருந்தது.

கடைசி வழியை நான் முதலிடத்தில் வைக்கிறேன். தேரை தண்ணீரை வாயால் குடிப்பதில்லை, வயிற்றுத் தோலால் உறிஞ்சும். கோடையில் சில நாள் ஈரம் கிடைக்காவிட்டால் செத்துவிடும். ப்ரூமுக்கும் போர்ட் ஹெட்லண்டுக்கும் நடுவே, கிரேட் சாண்டி பாலைவனம் கடலைத் தொடும் ஒரு வறண்ட நிலப்பட்டை இருக்கிறது. வறண்ட மாதங்களில் அங்கே தேரைக்குக் கிடைக்கும் தண்ணீர், மாட்டுப் பண்ணைகள் ஆழ்துளையிட்டு இறைத்துத் தேக்கியதுதான். 2013-இல் வெளியான கணிப்பின்படி, சுமார் நூறு நீர்நிலைகளைத் தேரை புகாதபடி செய்தால் அதற்குத் தெற்கேயுள்ள பில்பரா உட்பட 2,68,000 சதுர கிலோமீட்டரைக் காக்கலாம். மாட்டுக்குத் தண்ணீரை நிறுத்த வேண்டியதில்லை. திறந்த குட்டைக்குப் பதில் மூடிய தொட்டி, தேரை ஏறமுடியாத குடிதொட்டி, ஒழுகாத குழாய். பாலைவன ஓரத்துக் குட்டைகளுக்கு வேலி போட்டுப் பார்த்த களச் சோதனையில், தண்ணீரை எட்டமுடியாத தேரைகள் கூட்டமாகச் செத்தன. நிலத்தின் உரிமையாளர்களான கராஜரி, ந்யங்குமார்ட்டா மக்கள் இந்த வேலையில் முன்னிற்கிறார்கள்.

இதற்கும் ஓட்டைகள் உண்டு. புயல் மழை ஆண்டுகளில் தண்ணீர் தற்காலிகமாகத் தேங்கும். நெடுஞ்சாலை லாரிகளில் தேரை ஏறிவரும். வட்டமாக நீர் பாய்ச்சும் பெரிய தீவனப்பயிர் வயல்கள் அந்தப் பட்டைக்குள் பெருகினால் திட்டமே குலையும். மூடிய குழாயை யாராவது எந்நாளும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆயினும் மற்ற எல்லா வழிகளும் குளம் குளமாக, தேரை தேரையாக, உடும்பு உடும்பாகச் செய்ய வேண்டியவை. இது ஒன்றுதான் ஒரு கோட்டில் வேலை செய்து, அந்தக் கோட்டுக்கு அப்பால் ஒரு நிலம் முழுவதையும் தேரை தொடாமல் வைக்கக்கூடியது. தாண்டி வந்துவிட்ட சிலவற்றைப் பிடிக்கத்தான் டார்ச் விளக்குத் தன்னார்வலர்கள் வேண்டும். வடக்கே இன்னும் எஞ்சியிருக்கும் மூலைகளுக்குச் சிறு தேரைப் பாடம். ஊர்க்குளங்களுக்குப் பொறி. வளராத தலைப்பிரட்டை ஆய்வுக்கூடத்திலும் வேலியிட்ட குளத்திலும் இன்னும் சில ஆண்டு இருக்கட்டும்.

பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது என்று கேட்டால் என் விடை இதுதான்: பட்டை, பாடம், பிறகு மற்றவை. இந்த வரிசையை ஒரே ஒரு செய்தி மாற்றக்கூடும். தொடர்ந்து இரண்டு மூன்று மழை மிகுந்த ஆண்டுகள் வந்து, தண்ணீர் அடைத்த பிறகும் பட்டையின் தென்கரையில் தேரை முட்டையிட்டிருப்பதை வனக்காவலர்கள் கண்டார்கள் என்றால், பில்பராவின் குவோல்களுக்கு அன்றே பாடத்தைத் தொடங்கியாக வேண்டும். அதற்கான சிறு தேரைகளும் பயிற்சி பெற்ற காவலர்களும் அதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.