முகமில்லாத விலை

கொல்லிமலைக்கு முதலாளித்துவம் புகைபோக்கியோடு வரவில்லை. ஆலைகள் கீழே, சேலம் நாமக்கல் சமவெளியில். 1943இல், யுத்தத்தால் கடல் கடந்து வந்த ஜவ்வரிசி நின்றபோது சேலத்தில் பிறந்த தொழில் அது. பின்னர் எழுபது வளைவுகள் கொண்ட சாலையில் லாரிகள் ஏறின. பைல் நாடு முதலான மலைநாடுகளில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகள் கொஞ்சம் கொஞ்சமாக மரவள்ளிக்குப் போயின. சாமையைக் குத்திச் சோறாக்கலாம். ஆலைக்குப் போகும் கிழங்கை விற்றுத்தான் சோறு வாங்க வேண்டும். உலக்கை பிடித்துக் கை காய்த்த பெண்களுக்கு இதில் நிம்மதியும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

நம் எழுத்தில் இது எங்கே? 1976இல் ஒரு சிறுபத்திரிகை கொல்லிப்பாவை என்று பெயர் சூட்டிக்கொண்டது. நவீனத்துவ வட்டத்துக்கு மலை ஒரு தொன்மமாக இருந்தாலே போதுமாயிருந்தது. மனிதர்களைத் தேடி உள்ளே போனவர் கு. சின்னப்ப பாரதி. அவரது 'சங்கம்' நாவலை முற்போக்கு என்று முத்திரை குத்தி ஒதுக்குவது எளிது. என் ஆட்சேபம் வேறு. அதில் சுரண்டலுக்கு முகம் இருக்கிறது: வட்டிக்காரன், அதிகாரி. வட்டிக்காரனை வழிமறிக்கலாம். கிழங்கின் விலையை எங்கே மறிப்பது? ஜவ்வரிசி மகாராஷ்டிரத்தில் விரத நாள் உணவு. மாவு நெசவாலையில் கஞ்சி. முன்பின் பார்த்திராத ஒருவரின் விரதத்தில் மலைக்காரனின் வருஷம் தொங்குகிறது.

அமெரிக்காவில் ஃபிராங்க் நாரிஸ் 1901இல் இதை எதிர்கொண்டார். 'தி ஆக்டோபஸ்' நாவலில் கலிபோர்னியாவின் கோதுமை விவசாயிகளை ரயில்வே கம்பெனி நசுக்குகிறது. அதன் தலைவரைப் பார்க்கப் போகும் கவிஞன் பிரெஸ்லி, அரக்கனை எதிர்பார்த்து, நாசூக்கான ஒரு மனிதரைக் காண்கிறான். மனிதர்களைக் குறை சொல்லாதே, இவை சக்திகள் என்கிறார் அவர். பிரெஸ்லி அசந்துபோகிறான். நாரிஸும் கடைசியில் அந்தப் பக்கமே சாய்கிறார். முகத்தோடு திருப்தியடைவது சின்னப்ப பாரதியின் எல்லை என்றால், முகத்தையே அழித்துவிடுவது நாரிஸின் சரிவு.

வங்கிக் குமாஸ்தாவாகிய எனக்கு 'சக்தி' என்ற சொல்லில் நம்பிக்கையில்லை. எந்தப் பற்றுக்கும் எதிரே ஒரு வரவு உண்டு. அது யாரோ ஒருவரின் பெயரில் இருந்தே தீரும். ஒரு மூட்டைக் கிழங்கோடு எழுபது வளைவுகளும் இறங்கி, அந்தப் பெயர்வரை போகும் நாவல் தமிழில் வரவேண்டும். எழுதுபவர் எந்த முகாம் என்று நான் கேட்கமாட்டேன்.