குருத்தோலையும் பாஸ்காத் திரியும்: புத்தளக் கரையோரத்தில் உயிர்த்த ஞாயிறு

கிறிஸ்தவ ஆண்டின் தலையாய விழாவான உயிர்த்த ஞாயிறு, பகலும் இரவும் சமமாகும் நாளாகத் திருச்சபை கொள்ளும் மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முழுநிலவுக்குப் பிந்திய ஞாயிறன்று, அதாவது மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடைப்பட்ட ஒரு நாளில் வருவது. திருச்சபைகள் அனைத்தும் அதை ஒரே ஞாயிறில் கொண்டாட வேண்டுமென்று 325ஆம் ஆண்டின் நீசேயாத் திருச்சங்கம் முடிவு செய்த காலம் முதல், பனி உருகித் தளிர் விடும் வசந்தமும் கல்லறையிலிருந்து கிறிஸ்து எழுந்த நிகழ்வும் ஐரோப்பியர் மனத்தில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. வென்னப்புவ தொடங்கி மாரவில, சிலாபம், முந்தல் வழியாகக் கற்பிட்டிவரை நீளும் புத்தள மாவட்டக் கரையோரத்திலோ உருகுவதற்குப் பனி இல்லை. தென்னை ஆண்டு முழுவதும் குருத்து விடுகிறது. இங்கே இவ்விழா வரும்போது மேற்குக் கடலின் அமைதியான பருவம் முடிவை நெருங்கியிருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று எழுமுன் மீனவக் குடும்பங்கள் பல முல்லைத்தீவு, திருகோணமலைக் கரைகளில் வாடி எனப்படும் தற்காலிகக் குடில்கள் அமைக்கப் புறப்படும். தொடக்கத்தின் விழாவாக உலகம் கொண்டாடுவது, இக்கரையில் ஒரு பருவத்தின் முடிவில் வருகிறது என்பதை மனத்தில் வைத்தே இங்குள்ள அடையாளங்களை வாசிக்க வேண்டும்.

முட்டையும் முயலும் இவ்வாசிப்பில் சிறிய இடமே பெறுகின்றன. பழைய ஒழுங்கின்படி தவக்காலத்தில், அதாவது விழாவுக்கு முந்திய நாற்பது நாள் நோன்பில், முட்டை விலக்கப்பட்டிருந்ததால் நோன்பு முடிந்ததும் அது விருந்துணவாயிற்று என்பதே அதன் எளிய வரலாறு. மூடிய கல்லறை திறப்பது போல ஓடு உடைகிறது என்ற விளக்கம் அதன்மேல் ஏற்றப்பட்டது. முட்டை கொண்டுவரும் முயலைப் பற்றிய குறிப்பு ஜெர்மனியில் 1682இல் எழுத்தில் காணப்படுகிறது. பேக்கரிக் கண்ணாடிப் பெட்டிகளில் இவ்விரண்டும் இடம்பிடித்தாலும், கரையோர ஆலயங்களின் வழிபாட்டுக்குள் அவை நுழையவில்லை. அங்கே ஆள்வது ஓலை.

உயிர்த்த ஞாயிறுக்கு ஒரு வாரம் முன் வரும் குருத்தோலை ஞாயிறு, எருசலேமுக்குள் இயேசு நுழைந்தபோது மக்கள் பேரீச்ச மடல்களோடு எதிர்கொண்டதை நினைவுகூருகிறது. குருணாகலையும் கம்பஹாவையும் உள்ளடக்கிய தென்னை முக்கோணத்தின் ஒரு முனையான இம்மாவட்டத்தில் பேரீச்சைக்குப் பதிலாகத் தென்னங்குருத்து வந்தது வெறும் கிடைப்பருமையால் மட்டும் என்று கருதுவது போதாது. விரியாத குருத்தைப் பிளந்தால் உள்ளே ஈர்க்கோடு ஒட்டிய இதழ்கள் தந்தத்தின் வெளிர்மஞ்சளில், சற்றே ஈரமாக, ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒரே இதழை நீளவாக்கில் கிழித்து, குறுக்கே மடித்து, முனையைச் செருகினால் ஆணியோ நூலோ இல்லாமல் ஒரு சிலுவை கைக்குள் உருவாகிவிடும். இதே குருத்தோலைதான் தமிழர் வீட்டுத் திருமணத்திலும் சாவிலும் தோரணமாகிறது. மங்கலத்துக்கும் அமங்கலத்துக்கும் பின்னும் முறை மட்டுமே வேறு. குருத்தோலை ஞாயிறு வழிபாடும் இவ்விரு முகத்தையும் ஒருங்கே கொண்டது: பவனியில் அரசனுக்குரிய வரவேற்பு நடக்கிறது, பவனி ஆலயத்துக்குள் நுழைந்ததும் இயேசுவின் பாடுகளின் வரலாறு முழுமையாக வாசிக்கப்படுகிறது. பேரீச்ச மடல் வெற்றியை மட்டுமே சொல்லும் இடத்தில், தென்னங்குருத்து வெற்றியையும் சாவையும் சேர்த்தே சொல்கிறது என்பதால், இக்கரையின் ஓலை மூலத்தின் பதிலியாக இல்லாமல் அதைவிட நிறைவான அடையாளமாக நிற்கிறது. வீட்டுக்குக் கொண்டுவரப்படும் ஓலைச் சிலுவை திருப்படத்தின் பின்னே செருகப்பட்டுப் பழுப்பேறி, அடுத்த ஆண்டு தவக்காலத்தின் முதல் நாளான திருநீற்றுப் புதனுக்கு முன் எரிக்கப்பட்டு, நெற்றியில் பூசும் சாம்பலாகிறது.

ஓலை கண்ணுக்குரியதென்றால், பெரிய வாரம் எனப்படும் அவ்வாரத்தின் பிற்பகுதி செவிக்குரியது. பெரிய வியாழன் திருப்பலியில் வானவர் கீதம் முடிந்தபின் மணிகள் ஓய்ந்துவிடுகின்றன. சனி இரவுவரை மரக்கட்டையின் வறண்ட தட்டொலியே அழைப்பு. அந்த வெறுமையை இப்பகுதியில் நிரப்பியது புலம்பல். ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்த காலத்தில் கோவாவிலிருந்து வந்த ஓரட்டோரியன் சபைக் குருவான யோசேவ் வாஸ், 1690இல் கண்டி அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த புத்தளத்தில் பணியாற்றினார். அவர் வழியில் 1705இல் இலங்கை வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றி, 1742இல் வென்னப்புவவை அடுத்த போலவத்தையில் மறைந்தார். இயேசுவின் பாடுகளைப் பற்றி அவர் எழுதிய 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்தில் இழுத்து வாசிக்கும் நூலாகத் தமிழ்க் கத்தோலிக்கரிடையே பரவியது. வியாகுலம் என்பது ஆற்றொணாத் துயரைக் குறிக்கும் சொல். சிங்களத்தில் அவர் எழுதிய 'துக்பிராப்தி பிரசங்கய' அதற்கு இணையானது. பாடுகளைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபான 'பசன்' என்ற பெயரில் சிங்களப் புலம்பல் பாடல்கள் இன்றும் இக்கரையில் ஒலிக்கின்றன. ஆலயக் கட்டடமும் குருவும் நிலையற்றிருந்த காலத்தில், எடுத்துச் செல்லவும் மனனம் செய்யவும் இயன்ற குரலே நிலையான சுரூபமாக இருந்தது.

பழைய பாஸ்கு, அதாவது பாடுகளின் காட்சி, மரச் சுரூபங்களை அசைத்து, பக்கத்தில் ஒருவர் உரை வாசிக்க நடந்தது. பவேரியாவின் ஓபரம்மர்காவ் ஊர் நாடகத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1923இல் இம்மாவட்டத்துப் பொரலஸ்ஸவில் லோரன்ஸ் பெரேரா அரங்கேற்றிய நாடகம் சுரூபத்தின் இடத்தில் உயிருள்ள நடிகரை நிறுத்தியது. மரத்துக்குள் தெய்வத்தைக் கண்டு பழகிய கண், அண்டைவீட்டுக்காரரின் முகத்தில் அதைக் காண வேண்டியதாயிற்று. அடையாளத்தின் பொருளில் இது சிறிய மாற்றமன்று. இதே நூற்றாண்டில் சிலாபத்துக்குத் தெற்கே கரையோரக் கத்தோலிக்கரின் பாடசாலை மொழியும் வழிபாட்டு மொழியும் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறின. 1807இல் கற்பிட்டியில் பிறந்து, தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859இல் ஆங்கிலத்தில் தொகுத்த சைமன் காசிச்செட்டியின் மாவட்டம் இது என்பதை நினைத்தால், இம்மாற்றத்தின் ஆழம் விளங்கும். ஓலையும் திரியும் அப்படியே இருக்க, அவற்றைச் சூழ்ந்திருந்த சொல் மாறியது. வியாகுலம் என்ற சொல்லைக் கேட்டதும் தொண்டை அடைத்த ஒரு தலைமுறையின் அனுபவத்தை எந்த மொழிபெயர்ப்பும் முழுதாகக் கொண்டு சேர்த்திருக்க முடியாது.

சனி இரவின் பாஸ்காத் திருவிழிப்பில் மையம் ஒளி. பாஸ்கா என்பது கடந்து செல்லுதலைக் குறிக்கும் எபிரேயச் சொல்லின் வழிவந்தது. எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து இஸ்ரயேலர் கடந்த இரவும், சாவிலிருந்து கிறிஸ்து கடந்த இரவும் அதில் ஒன்றாகின்றன. ஆலய முற்றத்தில் மூட்டப்படும் புதுநெருப்பிலிருந்து பாஸ்காத் திரி எனப்படும் பெரிய மெழுகுதிரி ஏற்றப்படுமுன், அதில் சிலுவையும், கிரேக்க நெடுங்கணக்கின் முதல், கடை எழுத்துகளும், நடப்பாண்டின் நான்கு இலக்கங்களும் வரையப்பட்டு, ஐந்து காயங்களைக் குறிக்கும் ஐந்து சாம்பிராணி மணிகள் பதிக்கப்படுகின்றன. பல நூற்றாண்டுகள் இச்சடங்கு சனி காலையிலேயே நடந்துவந்தது; 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அதை இரவுக்கு மீட்க வழிசெய்து, 1956 முதல் அது உலகெங்கும் நடைமுறையானது. வெயிலில் ஏற்றிய திரி எதையும் சொல்லியிருக்காது. கரையின் விளக்கை வைத்துத் திசை அறிந்த மீனவர் மரபுக்கோ, இருண்ட ஆலயத்துள் நுழையும் ஒற்றைச் சுடருக்கு உரை எழுத வேண்டியதில்லை. அத்திரி பின்னர் திருமுழுக்கு நீருக்குள் இறக்கப்படுகிறது. திருமுழுக்குப் பெறுவோரின் நாவில் உப்பு வைக்கும் வழக்கமும் முன்பு இருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கச் சீர்திருத்தத்துக்குப் பின் அது வழக்கொழிந்தது. உப்பளங்களால் அறியப்படும் புத்தளத்துக்கு இது ஓர் இழப்பு என்றே சொல்ல வேண்டும்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, மாவட்டத்தின் தெற்கெல்லைக்கு அப்பால் நீர்கொழும்பின் கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்தில் குண்டு வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உயிர்த்த கிறிஸ்துவின் சுரூபத்தில் இரத்தம் தெறித்தது. அது கழுவப்படாமல் கண்ணாடிக்குள் பாதுகாக்கப்படுகிறது. உயிர்த்தவரின் உடலில் காயங்கள் மறையவில்லை என்பது நற்செய்தியின் பழைய கூற்று. மரபுச் சுரூபங்களில் அக்காயங்கள் வண்ணப்பூச்சாக மட்டுமே இருந்தன. அவ்வாண்டு குருத்தோலை ஞாயிறு ஏப்ரல் 14 அன்று, சித்திரைப் புத்தாண்டு நாளிலேயே வந்திருந்தது. அன்று மந்திரிக்கப்பட்ட ஓலைகளே, வழக்கப்படி, 2020 பெப்ரவரி 26 திருநீற்றுப் புதனன்று நெற்றியில் பூசப்பட்ட சாம்பல்.