உறைந்த இலை உமிழும் ஒளி

பசுங்கணிகத்தில் எலக்ட்ரானின் பயணம் நீரில் தொடங்குகிறது. தைலகாய்டு சவ்வில் பதிந்துள்ள ஒளி அமைப்பு 2 சூரிய ஒளியைக் கொண்டு நீரைப் பிளக்கிறது. பிரிந்த எலக்ட்ரான் பிளாஸ்டோகுயினோன், சைட்டோகுரோம் பி6எஃப், பிளாஸ்டோசயனின் வழியாக ஒளி அமைப்பு 1-ஐ அடைந்து, இறுதியில் என்ஏடிபி-யை ஒடுக்குகிறது. இந்தப் பாதையின் முதற்கட்டத்தை ஆராயும் வழிகளுள் ஒன்று வெப்ப ஒளிர்வு. பசுங்கணிகம் குறைகடத்தியைப் போன்றதா என்று ஆராய்ந்த அர்னால்டும் ஷெர்வுட்டும் 1957இல் இதைக் கண்டனர். மும்பையில், செம்பூரை அடுத்த டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பி.வி. சானே, வி.ஜி. டாட்டகே, டி.எஸ். தேசாய் ஆகியோர் 1970களில் இம்முறையைப் பாலக் இலையில் கையாண்டனர். கதிர்வீச்சுப் பணியாளர் அணியும் வெப்ப ஒளிர்வு அளவி பேட்ஜும் இதே நிகழ்வால்தான் இயங்குகிறது. அங்கே படிகம், இங்கே கீரை.

ஒளியூட்டிய இலைத்துண்டைத் திரவ நைட்ரஜனால் உறைய வைத்தால், பிரிந்த மின்னூட்டங்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். பிறகு இருட்டில் சீராகச் சூடேற்ற, எலக்ட்ரான் பின்னோக்கி வந்து தான் விட்டுச்சென்ற நேர்மின்னூட்டத்தோடு சேரும். அப்போது வெளிப்படும் மங்கலான ஒளியை ஒளிப்பெருக்கிக் குழாய் பதிவு செய்யும். ஒளி உச்சம் தொடும் வெப்பநிலை, எலக்ட்ரான் எங்கே சிக்கியிருந்தது என்பதைச் சொல்லிவிடும்.

களைக்கொல்லி ஆய்வில் இம்முறையின் வலிமை நன்றாகத் தெரிகிறது. சாதாரண இலையில் சுமார் 30 டிகிரி செல்சியஸில் எழும் முகடு, ஒளி அமைப்பு 2-இல் எலக்ட்ரானை அடுத்தடுத்து ஏற்கும் இரு குயினோன்களுள் இரண்டாவதில் நின்ற எலக்ட்ரானுக்கு உரியது. டையூரான் என்னும் களைக்கொல்லி பட்ட இலையில் அது மறைந்து, சுமார் 5 டிகிரியில் வேறொரு முகடு எழும். எலக்ட்ரான் முதற்குயினோனைத் தாண்டவில்லை என்பதற்கு இது நேரான சான்று. அட்ரசின் என்னும் மற்றொரு களைக்கொல்லிக்கு மசியாத களைகளில் முகடு தாழ்ந்த வெப்பநிலைக்கு நகர்கிறது. ஒளி அமைப்பு 2-இன் டி1 புரதத்தில் 264ஆம் இடத்தில் செரின் கிளைசினாக மாறியதே காரணம். ஒற்றை அமினோ அமிலம் மாறியதன் விளைவை, புரதத்தைப் பிரித்தெடுக்காமலே இலைத்துண்டு காட்டிவிடுவது வியப்புக்குரியது.

ஆனால் இம்முறை காண்பது திரும்பி வந்த எலக்ட்ரானை மட்டுமே. முன்னோக்கிச் சென்றதன் வேகத்தை அதிலிருந்து நேராகப் படிக்க முடியாது. மீள்சேர்க்கையில் பெரும்பங்கு ஒளியின்றி முடிவதால், முகட்டின் உயரத்தை எலக்ட்ரான்களின் எண்ணிக்கையாகக் கொள்வது பிழை. உறைதல் சவ்வைச் சிதைக்கலாம். 0 டிகிரியை ஒட்டிப் பனிக்கட்டி உருகும்போது போலிச் சமிக்ஞைகளும் எழக்கூடும். படிகங்களுக்கென ராண்டலும் வில்கின்ஸும் வகுத்த சமன்பாட்டை இலைக்கு அப்படியே பொருத்தியபோது நம்பமுடியாத மதிப்புகள் கிடைத்தன. இலையில் மின்னூட்டம் ஒரே பொறியில் கிடப்பதில்லை, பல படிகளில் இடம் மாறுகிறது. டிவால்ட், கோவிந்த்ஜி, அர்னால்ட் மூவரும் 1983இல் கோட்பாட்டைத் திருத்திய பின்னரே விளக்கம் நேரானது. ஆய்வகத்துக்கு ஆய்வகம் முகடுகளுக்கு வேறு வேறு பெயர் வைத்ததும் ஒப்பீட்டை நெடுநாள் குழப்பியது.

எல்லாவற்றிலும் பெரிய குறை எல்லை பற்றியது. முதன்மை முகடுகள் யாவும் ஒளி அமைப்பு 2-க்கு உரியவை. சைட்டோகுரோமுக்கு அப்பால் நடப்பதை அறிய, ஒளி அமைப்பு 1-இன் மையப் பச்சையமான பி700-இன் ஒளி உறிஞ்சல் மாற்றத்தை அளக்கும் வேறு கருவி பக்கத்தில் இருந்தாக வேண்டும்.