கொம்பன்

தர்மபுரி ஜில்லாக்காரன் கடலைப் பற்றிக் கதை எழுதலாமா என்று ஒரு வாசகர் எனக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். தாராளமாக எழுதலாம். கொலை செய்தவன்தான் கொலைக் கதை எழுத வேண்டும் என்றால் பாதி இலக்கியம் இல்லாமல் போய்விடும். ஆனால் எழுதுகிற பொருளை ஒரு முறையாவது நேராக நிறுத்தி விசாரித்திருக்க வேண்டும். விசாரிக்காமல் எழுதியவன் நான். ஆகவே இந்தக் கட்டுரையை என்னிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பல வருஷங்களுக்கு முன் நான் ஒரு சிறுகதை எழுதினேன். மன்னார் வளைகுடாவில் சங்கு குளிக்கும் ஓர் இளைஞன். கலியாணமாகி மூன்றாம் நாள் கடலுக்குப் போகிறான். கொம்பன் சுறா ஒன்று அவனைக் கொன்றுவிடுகிறது. கதையைப் பென்னாகரத்தில் உட்கார்ந்து எழுதினேன். எனக்குத் தெரிந்த பெரிய நீர் ஒகேனக்கல் நீர்தான். நீரில் மூழ்குவதைப் பற்றி எனக்கு இருந்த ஞானமெல்லாம், சிறு வயதில் அங்கே பாறை உச்சியிலிருந்து காசுக்காகக் குதித்த பையன்களைப் பார்த்த ஞானம்தான். கொம்பன் என்ற பெயர் மட்டும் எங்கேயோ காதில் விழுந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் கொம்பன் என்றால் தந்தமுள்ள ஆண் யானை. கேழ்வரகுக் கொல்லையில் இரவில் இறங்கி, காவல் பரணைச் சாய்த்து, விரட்டப் போனவனைத் துரத்தும் யானை. அந்தச் சொல் என் மனத்தில் அந்த உருவத்தோடுதான் இருந்தது. ஆகவே என் சுறாவுக்கு மதம் பிடித்திருந்தது. அது சிவந்த கண்களோடு நேராக ஓடி வந்து மோதியது. கதை பாராட்டப்பட்டது. ஒரு தொகுதியிலும் சேர்ந்தது.

சில காலம் கழித்துத் தூத்துக்குடியில் ஒரு வாசகர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்ததும் ஒரு முதியவர் பேரனோடு வந்தார். மூச்சடக்கிச் சங்கு குளித்து வயதானவர். பேரன் அந்தக் கதையை அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறான்.

"தம்பி, உங்க கதையில வாற கொம்பனுக்கு என்னத்துக்கு அவ்வளவு கோவம்?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. "நீங்கள் அதைப் பார்த்திருக்கிறீர்களா, ஐயா?" என்றேன்.

"பாக்காம என்ன? தலைய இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கிட்டு வரும். இந்தக் கண்ணால ஒருக்கப் பாக்கும், அந்தக் கண்ணால ஒருக்கப் பாக்கும். பெறவு அது சோலியப் பாத்துக்கிட்டுப் போயிரும். நாங்க எங்க சோலியப் பாப்போம்."

"பயமாக இருக்காதா?"

"பயம் இல்லாம இருக்குமா? கொம்பன் ஒண்ணுக்குத்தானா பயம்? மூச்சுக்குப் பயம், கயித்துக்குப் பயம், மேல கயிறு பிடிக்கிறவன் அசந்துட்டா அதுக்கும் பயம்."

என் கதையைப் பற்றி இதைவிடச் சிறந்த விமர்சனம் எனக்குக் கிடைத்ததில்லை. அவர் மூன்று வாக்கியத்தில் சொன்ன சுறா உயிரோடிருந்தது. நான் பன்னிரண்டு பக்கத்தில் எழுதியது செத்தது.

அதற்குப் பிறகுதான் கொம்பன் சுறாவைப் பற்றிப் படித்தேன். அதற்குக் கொம்பு கிடையாது. தலைதான் இரு பக்கமும் சம்மட்டிபோல் நீண்டிருக்கிறது. கண்கள் அந்தச் சம்மட்டியின் இரண்டு முனைகளிலும் இருக்கின்றன. இப்படி விலகிய கண்களால் முன்னால் இருப்பதைச் சரியாகப் பார்க்க முடியாது என்றே வெகு காலம் நினைத்திருந்தார்கள். 2009-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி அதற்கு நேர்மாறாகச் சொன்னது. தலையை அசைத்து நீந்தும்போது அதற்குச் சுற்றிலும் எல்லாப் பக்கமும் தெரிகிறது. முன்புறத்தில் இரண்டு கண்ணின் பார்வையும் மற்றச் சுறாக்களைவிட அதிகமாகவே ஒன்றுசேர்கிறது. முதியவர் சொன்ன தலையாட்டலின் அர்த்தம் இதுதான்.

அந்தத் தலையின் அடிப்பக்கம் முழுதும் நுண்ணிய துளைகள். 1678-இல் இத்தாலியரான லொரென்சினி இவற்றை விவரித்து எழுதினார். மற்ற ஜீவன்களின் உடம்பிலிருந்து எழும் மிக மெல்லிய மின்சாரத்தைச் சுறா இவற்றால் உணர்கிறது. கொம்பன் மணலுக்குச் சற்று மேலே தலையை ஆட்டிக்கொண்டு போவது, மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கையைத் தேடித்தான். திருக்கை அகப்பட்டால் பெரிய கொம்பன் தன் தலையாலேயே அதைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். உடம்பைப் பார்க்க அதன் வாய் சிறியது. அதுவும் தலைக்கு அடியில் இருக்கிறது. ஏறக்குறைய 20 அடி வரை வளரக்கூடிய பிராணிதான். ஆயினும் ப்ளோரிடாவில் பராமரிக்கப்படும் சுறாத் தாக்குதல் பதிவேட்டில், சீண்டப்படாத கொம்பன் ஒரு மனிதனைக் கொன்றதாக உறுதியான பதிவு ஒன்றுகூட இல்லை.

பீட்டர் கிளிம்லி என்ற அமெரிக்க விஞ்ஞானி 1970-களின் கடைசியிலிருந்து மெக்ஸிகோவை ஒட்டிய கலிபோர்னியா வளைகுடாவில் இவற்றோடு நீந்தி ஆராய்ந்தார். காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கினால் எழும் குமிழிகளைக் கண்டு கொம்பன்கள் மிரண்டு ஓடின. ஆகவே அவர் நம் சங்கு குளிப்பவர்களைப்போல் மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கினார். கடலடிக் குன்று ஒன்றைச் சுற்றிப் பகல் முழுதும் அவை பெருங்கூட்டமாக வட்டமிட்டன. கூட்டத்தில் பெரும்பாலும் பெண் சுறாக்கள்; பெரியவை நடுவிலே இடம் பிடித்தன. பொழுது சாய்ந்ததும் இரை தேடிப் பிரிந்து போய், விடியும்போது திரும்பி வந்தன. வழி தவறாமல் வருவதற்கு, கடலடிப் பாறையிலுள்ள காந்த வேறுபாடுகளை அவை பின்பற்றுவதாக அவர் கருதினார். நமக்குப் பக்கத்திலுள்ள மாலத்தீவின் ரஸ்தூவில் இன்றும் விடியற்காலையில் இறங்குகிறவர்கள் கொம்பன் கூட்டத்தைப் பார்க்கிறார்கள். நீல இருட்டில் நிழல்போல் வந்து, ஒரு முறை பார்த்து, விலகிப் போகின்றன என்றே எல்லாரும் சொல்கிறார்கள். யாரும் கோபத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

இனிப் பிறர் எழுதியதைப் பார்ப்போம். தகழியின் 'செம்மீன்' 1956-இல் வெளிவந்தது. சுந்தர ராமசாமி அதைத் தமிழில் தந்திருக்கிறார். கரையில் கருத்தம்மா பரீக்குட்டியைத் தழுவும் அதே இரவில், நடுக்கடலில் பழனி தூண்டிலில் சிக்கிய சுறாவோடு போராடி மடிகிறான். மனைவி கற்பு தவறினால் கணவனைக் கடலம்மை கொள்வாள் என்ற நம்பிக்கை பலித்துவிடுகிறது. நாவல் பெரிய நாவல். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சுறாவைக் கவனியுங்கள். அது மீனாக வரவில்லை; தீர்ப்பை நிறைவேற்றும் சேவகனாக வருகிறது. அதற்குச் சொந்த வேலை எதுவும் கிடையாது.

ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' 1952-இல் வந்தது. அவர் மீன் பிடித்தவர். ஆகவே ஒரு சுறாவையும் இன்னொன்றையும் பிரித்துப் பார்க்கிறார். முதலில் வரும் சுறாவின் அழகையும் தைரியத்தையும் கிழவன் மதிக்கிறான். பின்னால் வரும் கூட்டத்தை வெறுக்கிறான். இந்தப் பிரித்தறிதல் ஒன்றே அவரை நம்மில் பலருக்கு மேலே நிறுத்துகிறது. ஆனால் அவரும் படகிலிருந்து கீழே குனிந்து பார்த்தவர்தான். தமிழிலும் 'ஆழிசூழ் உலகு' போல, கடலில் உழைப்பவர்களின் வாழ்விலிருந்தே பிறந்த நாவல் 2004-இல் நமக்குக் கிடைத்துவிட்டது. இருந்தாலும் நான் படித்த வரையில் நம் கதைகளின் கண் அநேகமாக நீருக்கு மேலேதான் நிற்கிறது.

நீருக்குள் இறங்கினால் மட்டும் பார்வை சரியாகிவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. கூஸ்தோவும் லூயி மாலும் எடுத்த 'மௌன உலகம்' என்ற படம் 1956-இல் கான் விழாவில் முதற் பரிசு பெற்றது. அதில் அவர்களுடைய கப்பலே மோதி ஒரு திமிங்கிலக் குட்டியைப் படுகாயப்படுத்துகிறது. பிறகு குட்டியைத் தின்ன வந்த சுறாக்களை மாலுமிகள் மேல்தளத்துக்கு இழுத்து வெட்டித் தள்ளுகிறார்கள். குற்றம் கப்பலுடையது, கோபம் சுறாவின்மேல். பீட்டர் பெஞ்ச்லி 1974-இல் 'ஜாஸ்' நாவலை எழுதினார். மறு வருஷம் அது சினிமாவாகி உலகம் முழுதும் ஓடியது. பின்னாளில் அவர் சுறாக்களைப் பற்றிக் கற்றார். இப்போதானால் அந்தக் கதையை எழுதியிருக்க மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். 2006-இல் இறக்கும் வரை கடல் பாதுகாப்புக்காகப் பாடுபட்டார். ஓர் எழுத்தாளன் தன் வெற்றிக்கே வருந்துவது அபூர்வம். எனக்கு அவருடைய நாவலைவிட அந்த வருத்தத்தின்மேல் மதிப்பு அதிகம்.

மன்னார்க் கடலில் முத்துக் குளித்த காலத்தில் கடல்கட்டி என்று ஒருவர் இருப்பார். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுவது அவர் தொழில். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, இவர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு கூலி என்று எழுதுகிறார். பகலில் கட்டு, இரவில் திருட்டுத்தனமாக யாரும் மூழ்கிவிடாதபடி கட்டை அவிழ்த்துவிடுவார்களாம். ஆறு நூற்றாண்டு கழித்து இலங்கையில் டென்னன்ட் பார்த்தபோதும் அந்தப் பரம்பரை இருந்தது. அப்போதைய தலைவர் கத்தோலிக்கர். அவருக்கு உடம்பு சரியில்லாததால் ஒரு பிரதிநிதி வந்திருந்தார். தமக்கு மந்திரம் தெரியாது என்றும், ஆனாலும் தலைவரின் ஆளென்று சுறாக்கள் மரியாதை கொடுக்கும் என்றும் அவர் சொன்னாராம்.

சிரிப்பு வருகிறது. ஆனால் கடல்கட்டியால் ஒரு நன்மை இருந்தது. அவர் பேச்சை நம்பி மனிதர்கள் தைரியமாக நீரில் இறங்கினார்கள். கதைக்காரர்களான நாங்கள் செய்ததோ எதிர் வேலை. சுறாவின் வாயைத் திறந்து காட்டிக் கூலி வாங்கினோம். அந்தப் பிரதிநிதியைப்போல எங்களுக்கும் மந்திரம் தெரியாது.

இது வெறும் இலக்கிய வழக்கு என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 2019-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் பெரிய கொம்பனையும், கூட்டமாகத் திரியும் கொம்பனையும் அழிவின் விளிம்பில் நிற்பவை என்று பட்டியலிட்டது. இவற்றின் துடுப்புக்குச் சீனச் சூப்புக் கடைகளில் விலை அதிகம். இந்தியா 2015-இல் சுறாத் துடுப்பு ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆயினும் கரையோரத்தில் வளரும் குட்டிகள் மற்ற மீன்களோடு வலையில் அகப்பட்டுத்தான் வருகின்றன. நம் வீடுகளில் சுறா என்றால் புட்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கக் கொடுப்பது. தட்டில் அது மருந்து, கதையில் அது அரக்கன். கடலில் அது என்ன என்று கேட்க இரண்டுக்கும் இடையில் யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை. அரக்கன் குறைந்துபோனால் யார் வருத்தப்படப் போகிறார்கள்?

என் தொகுதியின் மறுபதிப்பு வந்தபோது அந்தக் கதையைத் திருத்த உட்கார்ந்தேன். கொம்பனை முதியவர் சொன்னபடியே எழுதினேன். அது வந்தது. ஒரு கண்ணால் பார்த்தது, மறு கண்ணால் பார்த்தது, போய்விட்டது. இளைஞன் சங்குகளோடு மேலே வந்து வீட்டுக்குப் போனான். கதை அங்கேயே படுத்துவிட்டது. அவன் சாவுக்கு நான் வேறு காரணமே வைத்திருக்கவில்லை. மூச்சையோ, கயிற்றையோ, மேலே கயிறு பிடித்தவனின் அசதியையோ பற்றி நான் யோசித்ததில்லை. சுறா பொய்யென்றால் அதைச் சுற்றியிருந்த மனிதர்களும் பொய்தான் என்று அப்போது தெரிந்தது.

மறுபதிப்பில் அந்தக் கதை இல்லை. ஏன் எடுத்துவிட்டீர்கள் என்று இரண்டொருவர் கேட்டார்கள். அவர்களுக்கும், கடலைப் பற்றி எழுதலாமா என்று கேட்ட நண்பருக்கும் இதுவே பதில்.