நிறம் சொல்லும் பாதி உண்மை

"சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை." பழைய கார் வாங்குவோருக்குக் கூலன்ட் பற்றிக் கூறப்படும் அறிவுரை பெரும்பாலும் இவ்வளவே. எளிதில் நினைவில் நிற்பதுதான். ஆனால் இது அறிவியலுக்குப் பொருந்துமா? சற்று ஆராய்வோம்.

எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மத்தில் ஏறத்தாழப் பாதி நீர். மறுபாதி பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். இக்கலவை சுமார் 107° செ. வெப்பநிலையில் கொதிக்கும், -37° செ. வரை உறையாது. இரண்டும் நிறமற்றவை. நிறம் தருவது தயாரிப்பாளர் சேர்க்கும் சாயமே. கசிவைக் கண்டறியவும், தண்ணீரென்று மயங்காதிருக்கவும் அது உதவும். எஞ்சினைக் காப்பதில் அதற்குப் பங்கில்லை.

காப்பவை அரிப்புத் தடுப்பான்கள். பழைய வகையில் உள்ள சிலிக்கேட்டுகள் உலோகத்தின்மேல் மெல்லிய படலமாகப் படியும். ஆனால் விரைவில் தீர்ந்துவிடும். புதிய வகையில் உள்ள கரிம அமில உப்புகள் நெடுநாள் உழைக்கும்.

இனி நிறத்தைப் பாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1990-களின் நடுவில் கொணர்ந்த 'டெக்ஸ்-கூல்' ஆரஞ்சு நிறம், சிலிக்கேட் இல்லாதது. பின்னர் கிரைஸ்லர் கார்களுக்கு வந்த, சிலிக்கேட் கலந்த நீர்மமும் ஆரஞ்சு நிறமே! நிறம் ஒன்று, வேதியியல் வேறு.

அறிவுரை முற்றிலும் பிழையென்று கூறுவதற்கில்லை. வோல்க்ஸ்வாகனின் நீலப்பச்சையான ஜி-11-உடன் சிவப்பான ஜி-12 கலந்தால் பழுப்புச் சேறு உண்டாகும். இங்கே நிறம் எச்சரித்தது சரி. ஆனால் பின்னர் வந்த ஊதா நிற ஜி-12 பிளஸ், இவ்விரண்டோடும் கலக்கக்கூடியது. ஆகவே நிறவேற்றுமை ஐயத்தை எழுப்பலாம். நிற ஒற்றுமை உறுதி தராது.

பழைய வண்டியில் முன்னவர் எதை ஊற்றினாரோ, யார் அறிவார்? எனவே வண்டியின் கையேடு குறிப்பிடும் தர எண்ணைத் தேடுங்கள். அதுவே டப்பாவிலும் இருத்தல் வேண்டும். உள்ளிருப்பது இன்னதென்று தெரியாவிட்டால் முழுவதும் மாற்றுவதே நன்று.

மாற்றுவதிலும் ஒரு பிழை நேர்கிறது. எஞ்சின் ஆறியபின் பழையதை வடித்து, காய்ச்சி வடித்த நீரை நிரப்பி, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓடவிட்டு, மீண்டும் ஆறவிட்டு வடிக்க வேண்டும். தெளிந்த நீர் வரும்வரை இதைத் திரும்பச் செய்க. ஆயினும் உட்குழல்களில் நீர் தங்கும். மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர், தங்கியது 2 லிட்டர் என்போம். பாதிக்குப்பாதி கலந்த கூலன்டை 4 லிட்டர் ஊற்றினால், உள்ளே கூலன்ட் மூன்றில் ஒரு பங்கே. நீர் கலவாத கூலன்டை முதலில் 3 லிட்டர் ஊற்றிப் பின் நீரால் நிரப்பினால் கணக்குச் சரியாகும்.

சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறவாதீர். கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. வடித்ததைத் தரையில் கொட்டாமல், குழந்தைகளுக்கும் நாய், பூனைகளுக்கும் எட்டாதபடி மூடி வையுங்கள்.