கோட்டை கீழே, அரண்மனை மேலே

களமசேரியில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமலே திருப்பூணித்துறை போய்விடலாம். அங்கிருந்து கொச்சி அரசர்களின் அரண்மனையான ஹில் பேலஸுக்கு ஆட்டோ. செஞ்சிக் கோட்டையை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். இந்தக் குன்றில் கொத்தளமும் இல்லை, அகழியும் இல்லை. 1791-லேயே கொச்சி அரசர் ஆங்கிலக் கம்பெனிக்குக் கப்பம் கட்டச் சம்மதித்துவிட்டார். 1865-ல் இந்த அரண்மனை எழும்பியபோது தடுத்து நிறுத்த எதிரியே இல்லை. 'கோட்டைக்ககம்' என்ற பகுதி கீழே, பூர்ணத்ரயீசர் கோயிலைச் சுற்றி இருக்கிறது. மேலே இருந்தது அரசரின் அலுவலகமும் வாசஸ்தலமும்.

படிக்கட்டின் அடியிலேயே கொஞ்சம் நில்லுங்கள். அடுக்கடுக்காக ஏறும் தோட்டம், அதன் உச்சியில் சரிந்து இறங்கும் ஓட்டுக்கூரை. முகப்பைப் படம் எடுத்ததோடு திரும்பிவிட்டால் பாதிகூடப் பார்த்ததாகாது. 54 ஏக்கரில் 49 கட்டடங்கள் சிதறிக் கிடக்கின்றன. பின்பக்கமும் நடந்து பாருங்கள்.

உள்ளே அரசர்களின் படங்களில் அப்பாவின் சாயலை மகனிடம் தேடாதீர்கள். பெரும்படப்பு ஸ்வரூபம் என்ற கொச்சி அரச குடும்பம் தாய்வழிக் குடும்பம். அரசருடைய மகனுக்குப் பட்டம் கிடையாது. தாய்வழியில் மூத்த ஆணுக்கே அது. தம்பிக்கோ சகோதரி மகனுக்கோ போகும். இது தெரிந்து பார்த்தால் அந்தச் சுவரே வேறு மாதிரி தெரியும்.

எனக்கு மிகப் பிடித்தது கிரீடம். போர்த்துகீசியர் கொடுத்தது, பொன்னும் கற்களும் இழைத்தது. கொச்சி அரசர்கள் அதைத் தலையில் சூடியதே இல்லை, மடியில்தான் வைத்துக்கொண்டார்களாம். குடும்பத்தின் பூர்வீகமான வன்னேரியைக் கோழிக்கோட்டு அரசர் சாமூத்திரி பறித்துக்கொண்டார். அதை மீட்கும்வரை முடி சூடுவதில்லை என்று சபதம் என்பார்கள். கர்ணபரம்பரைக் கதைதான். ஆனால் அலைந்த குடும்பம் என்பது உண்மை: வன்னேரி, கொடுங்கல்லூர், 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொச்சி, 1555-ல் போர்த்துகீசியர் கட்டிக்கொடுத்த மட்டாஞ்சேரி அரண்மனை, பிறகு இங்கே. வன்னேரி திரும்பக் கிடைக்கவே இல்லை. கண்ணாடிக்குள் இருக்கும் அந்தப் பொன்னை இந்த வரிசையை நினைத்துக்கொண்டு பாருங்கள். வேலைப்பாட்டைவிட அந்த இழப்புதான் முதலில் கண்ணில் படும்.

பிறகு குன்றிலிருந்து இறங்கிக் கோயிலுக்குப் போங்கள். அங்கிருந்த யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களை விற்றுத்தான் கொச்சி அரசர் ராஜரிஷி ராமவர்மா ஷொறணூர்–எர்ணாகுளம் ரயில் பாதைக்குப் பணம் திரட்டினார் என்பது இந்த ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்லும் செய்தி. 1902-ல் ரயில் ஓடியது. முடியைச் சூடாமல் காத்த குடும்பம், நெற்றிப்பட்டத்தைத் தண்டவாளமாக்கவும் தயங்கவில்லை.

அரண்மனை இப்போது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். 1986-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். திங்கட்கிழமை விடுமுறை. முடிந்தால் ஆவணி அத்தத்தன்று வாருங்கள். அந்நாளில் அரசர் பவனி வந்த அத்தச்சமயம் 1949-ல் ராஜ்யத்தோடு நின்றுபோயிற்று. 1961-ல் ஊரே அதைத் தன் விழாவாக எடுத்துக்கொண்டது. விழாக் கொடி மட்டும் இன்றும் ஹில் பேலஸிலிருந்துதான் வருகிறது.