தனிக்கும் துக்கடாவுக்கும் நடுவே

அருங்காட்சியகத்துக்கு நிதி திரட்டும் இசை மாலையில் ஆட்டத்தின் போக்கைத் தீர்மானிப்பவர் மேடையில் பாடுபவர் அல்லர். திரை ஓரத்தில் வாக்கி-டாக்கியும் கையுமாக நிற்கும் தொண்டர்தான். கச்சேரியை எந்த இடத்தில் நிறுத்தி நன்கொடை கேட்பது, அதுவரை சாப்பாட்டை எப்படித் தடுத்து வைப்பது என்ற இரண்டும் அவர் பொறுப்பு. பெங்களூர் ரசிகர்கள் பேசித் தீர்ப்பதும் இந்த இரண்டைப் பற்றித்தான்: 'பாட்டை வெட்டிப் பணம் கேட்டார்கள்', 'ஒன்பது மணி வரை பட்டினி போட்டார்கள்'. குற்றமாகச் சொல்லப்படும் இந்த இரண்டும்தான் அன்றைய ஆட்டத்தின் மிகச் சிறந்த நகர்வுகள்.

இந்த ஊரில் இந்த ஆட்டத்துக்குத் தேவை வந்த கதை நீளமானதல்ல. 1865-இல் நிறுவப்பட்டு இன்று கஸ்தூர்பா சாலையில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்குப் பின்னால் அரசுக் கருவூலம் இருக்கிறது. அதே சாலையில் 2023 பிப்ரவரியில் பொதுமக்களுக்குத் திறந்த 'மேப்' என்னும் கலை, ஒளிப்பட அருங்காட்சியகத்துக்கும், ஜே.பி. நகரில் 2019-இல் திறந்த இந்திய இசை அனுபவ அருங்காட்சியகத்துக்கும் அப்படி ஒரு பின்பலம் கிடையாது. நுழைவுச் சீட்டுக் காசு பொதுவாக எந்த அருங்காட்சியகத்தையும் முழுதாகக் காப்பாற்றுவதில்லை. மீதியைக் கொடையாளர்தான் தரவேண்டும்.

நியூயார்க்கின் மெட் காலா 1948-இல் 50 டாலர் சீட்டு வைத்த நள்ளிரவு விருந்தாகத் தொடங்கியது. அதை அப்படியே இங்கே இறக்குமதி செய்பவர்கள் முதல் ஓவரிலேயே விக்கெட்டை இழக்கிறார்கள். அங்கே விருந்துதான் பிரதானம். தென்னிந்தியாவில் தர்மக் கச்சேரிக்கென்று தனி மரபு உண்டு; 1974-இல் பொதுச்சேவைக்கான மகசேசே விருது ஒரு கர்நாடக இசைப் பாடகிக்குப் போனது அந்த மரபால்தான். சாமராஜ்பேட்டையில் 1939 முதல் ராமநவமி இசைவிழாப் பந்தலில் உட்கார்ந்து பழகிய கூட்டம் இது. பாட்டைக் கேட்க வந்தவர்களிடம் பாட்டைப் பின்னணிச் சத்தமாக்கிவிட்டுப் பணம் கேட்டால் கிடைக்காது.

நன்கொடை வேண்டுகோளுக்கு நான்கு இடங்கள் உண்டு. முதலாவது, வரவேற்புரையோடு சேர்த்துத் தொடக்கத்தில். பாதி மேஜைகள் அப்போது சில்க் போர்டு சந்திப்பில் சிக்னலுக்குக் காத்திருக்கும். இரண்டாவது, பிரதான உருப்படியில் பாட்டு முடிந்து மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் தொடங்கும் முன். உணர்ச்சி உச்சத்தில் இருக்கும் நேரம் என்று விளம்பரத் துறைக்காரர்கள் இதைச் சிபாரிசு செய்வார்கள். உருப்படியிலிருந்து தனியைப் பிடுங்கி எடுப்பது மிருதங்கக்காரருக்குச் செய்யும் அவமானம். அதைக் கைதட்டி வரவேற்கும் அவையிடம் பணம் வாங்காமலே இருக்கலாம். நான்காவது, சாப்பாட்டுக்குப் பின். பெரும்பாலான குழுக்களின் தேர்வு இதுவே, தோற்பதும் இங்கேதான். வயிறு நிறைந்ததும் ஒயிட்ஃபீல்டுக்காரர் டிரைவரைக் கூப்பிட்டுவிடுவார்.

மிஞ்சுவது மூன்றாவது: தனி முடிந்து கைதட்டல் இன்னும் அடங்காத கணம். சபாக்களை அறிந்தவர்களுக்கு இதிலுள்ள துணிச்சல் புரியும். தனி தொடங்கியதும் கேன்டீன் பக்கம் நழுவும் கூட்டம் எந்த ஊரிலும் உண்டு. நல்ல ஓர ஆட்டக்காரர் அந்த வழியை முன்கூட்டியே அடைக்கிறார். வாசலிலேயே கோடுபளையும் மினி இட்லியும் கொடுத்துப் பசியின் கூர்மையைத் தணித்துவிடுகிறார். தனி தொடங்கும்போது பரிமாறுபவர்கள் அனைவரும் சமையல் பக்கம் போய்விடுகிறார்கள். ஒரு கரண்டிச் சத்தம்கூடக் கேட்பதில்லை. எழுந்து போனாலும் கிடைக்க ஒன்றுமில்லை என்பதால் யாரும் எழுவதில்லை. கடைசித் தீர்மானம் ஒலித்ததும் இரண்டே நிமிட வேண்டுகோள், மேஜைக்கு மேஜை நன்கொடை அட்டை, உடனே சின்ன உருப்படிகளான துக்கடா. அட்டையை நிரப்பும்போது காதில் விழுவது தலைவர் உரையாக இல்லாமல் தில்லானாவாக இருக்கிறது. ரசிகர் 'பட்டினி' என்று சொல்வது இந்த நாற்பது நிமிடத்தைத்தான்.

ஏலத்தை நம்பும் அணியும் உண்டு. ஏலத்தில் ஆறு பேர் ஆடுவார்கள், மற்ற மேஜைகள் வேடிக்கை பார்க்கும். அட்டையில் எல்லா மேஜையும் ஆடும். அடுத்த ஆண்டு திரும்பி வருபவர்கள் அட்டை நிரப்பியவர்களே என்பதால், அன்றிரவுத் தொகையை மட்டும் வைத்து வெற்றி தோல்வி பேசுவது பாமர விமர்சனம்.

அருங்காட்சியக ஊழியர்களின் வேலை வேறு. காகிதத்துக்கும் துணிக்கும் ஏறத்தாழ 50 லக்ஸ் வெளிச்சமே வரம்பு. காட்சிக்கூடத்துக்குள் மதுக்கிண்ணமும் உணவுத் தட்டும் கூடாது. பாஸ் ஒலிபெருக்கி கண்ணாடிப் பேழைகளை விட்டுத் தள்ளி நிற்கவேண்டும். இந்தத் தற்காப்பு ஆட்டத்துக்கு யாரும் கைதட்டுவதில்லை.

இனிவரும் சீசன்களில் வேண்டுகோளின் எடை கூடும். 80ஜி என்று இத்தனை காலம் அறியப்பட்ட வரிச்சலுகை புதிய வரிமுறையில் சாதாரண நன்கொடைக்குக் கிடைப்பதில்லை. 2023-24 முதல் அந்த முறையே இயல்புத் தேர்வு. பழைய முறையில் நீடிப்பவருக்கும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் கலைக்கும் பாரம்பரியத்துக்கும் இடமுண்டு என்றாலும், ஒருநாள் நிகழ்ச்சிச் செலவு அந்தக் கணக்கில் சேராது. ஆக, 'வரி மிச்சமாகும்' என்ற பந்து இனி சுழலாது. அட்டையை நிரப்பவைப்பது அதற்கு முந்தைய ஒரு மணி நேர இசையாகத்தான் இருக்கும். சாப்பாட்டு ஒப்பந்தத்திலேயே பரிமாறக்கூடாத நேரத்தை எழுதி வாங்குவது விரைவில் வழக்கமாகிவிடும். அட்டை வாங்கும் கல்லூரித் தொண்டர்களுக்கு பான் எண்ணைப் பிழையில்லாமல் எழுதி வாங்கத் தனிப் பயிற்சியும் வரும்.

புல்வெளி விழாக்கள் குறையும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளி ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. மாநில அரசு தரும் தளர்வு ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாள், அதுவும் நள்ளிரவு வரைதான். மூடிய அரங்குக்கு இந்தக் கட்டு இல்லை என்பதால் ஆட்டம் உள்ளரங்குக்கு மாறும். அங்கே இருக்கை குறைவு, ஒலி சுத்தம். ஆனால் பத்து மணி என்ற விசில் இல்லாத மைதானத்தில் சிறப்பு விருந்தினர் உரை நீளும், வேண்டுகோள் மெல்ல மெல்லச் சாப்பாட்டுக்குப் பின்னால் நகரும். முதல் இரண்டு உள்ளரங்கு சீசன்களில் பல குழுக்கள் அப்படித்தான் சறுக்கும். ஓரத்தில் நிற்பவருக்கு ஒலிவாங்கியை அணைக்கும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கும் குழு மட்டும் தப்பிக்கும்.